ஹெல்பிளேடு நிக்குது, கருப்பாவுது, காதுல ஓதுது: எது கேம், எது கம்ப்யூட்டர், எது கரண்ட்

பர்மாவுல மோல்மீன்ல இருக்கற என் சித்தப்பா மவன் ராத்திரி பதினோரு மணிக்கு போன் பண்ணி "அண்ணே கேம் கெட்டுப்போச்சுண்ணே, கை அழுகுது"ன்னான். யாரு கைடா அழுகுதுன்னு நான் அலறினா, "அந்தப் பொண்ணு கைண்ணே"ங்கறான். அன்னைக்கு அரை மணி நேரம் போன்ல விளக்குனேன், மறுநாள் அவன் ஃபிரெண்டு வேற ஒரு கேள்வியோட வந்தான், அப்புறம் தாத்தோன்லேர்ந்து ஒருத்தன். நான் ரங்கூன் டவுன்ல ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில உக்காந்திருக்கறவன், எனக்கு இதே பொழப்பா போச்சு, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சுடறேன், இனிமே கேக்கறவங்களுக்கு இதையே அனுப்பிருவேன்.

கேம் பேரு ஹெல்பிளேடு: செனுவாஸ் சாக்ரிஃபைஸ். 2017 ஆகஸ்ட்ல வந்தது, இங்கிலாந்து கேம்பிரிட்ஜ்ல இருக்கற நிஞ்சா தியரின்னு ஒரு கம்பெனி, சுமார் இருபது பேரு சேர்ந்து செஞ்சாங்க. ஆர்க்னி தீவுல பிக்ட் இனத்துல பொறந்த செனுவான்னு ஒரு பொண்ணு, அவ காதலன் தில்லியன வடக்கேர்ந்து வந்த வைகிங்குங்க பலி குடுத்துட்டானுங்க, அவன் தலைய துணியில சுத்தி இடுப்புல கட்டிக்கிட்டு, அவன் உயிர மீட்க ஹெல்ஹெய்முங்கற பாதாளத்துக்கு அவளே நேரா போறா. நம்ம சாவித்திரி எமன் பின்னாடி போன கதைதான், ஆனா நம்ம எமன் நின்னு பேசுவான், வரம் குடுப்பான், பேச்சுல ஏமாறுவான், இங்க பாதாளத்த ஆள்ற ஹெலா வாயே தொறக்க மாட்டா. அப்புறம் நம்ம நரகம்னா எண்ணெய்க் கொப்பரை, இவங்க நரகம் பனியும் சேறும் மழையும். வாசல்ல நாய் காவல் மட்டும் ரெண்டு கதையிலயும் ஒரே மாதிரி, எமனுக்கும் ரெண்டு நாய் உண்டு, இங்கயும் கார்ம்னு ஒண்ணு உண்டு, அது கிட்ட அப்புறம் வர்றேன்.

எந்த பிரச்சனையா இருந்தாலும் மொதல்ல ஒண்ணு பாருங்க, இதப் பாக்காம டிரைவர அழிக்கறது விண்டோஸ மறுபடி போடறதுன்னு எறங்காதீங்க. திரும்பத் திரும்ப கேம்ல அதே எடத்துல நடக்குதா? அப்ப அது பெரும்பாலும் கேம் வேணும்னே பண்றது. எங்க வேணா நடக்குது, அரை மணி நேரம் ஆடுனப்புறம் நடக்குது, ஃபேன் சத்தம் ஏறினப்புறம் நடக்குதா? அது உங்க கம்ப்யூட்டர். கடிகாரத்துல ஒரே நேரத்துல, இல்ல இன்வெர்ட்டருக்கு மாறினப்புறம் நடக்குதா? அது கரண்ட். மத்த ஊர்ல மூணாவது கேள்வி தேவைப்படாது, நமக்கு அதுதான் மொதல் கேள்வி.

"டவுன்லோடு முடியவே மாட்டேங்குது, முடிஞ்சும் தொறக்கல"

டிஸ்குல 30 ஜிபி எடம் வேணும், நம்ம நெட்டுல அது எத்தனை ராத்திரின்னு உங்களுக்கே தெரியும். யாராச்சும் ஏற்கனவே ஸ்டீம்ல (நெட்டுல கேம் விக்கற கடை) வாங்கி போட்டிருந்தா, நீங்களும் வாங்கிட்டு, அவங்க ஸ்டீம்ஆப்ஸ் ஃபோல்டருக்குள்ள காமன்ங்கற ஃபோல்டர்ல இருக்கற கேம் ஃபோல்டர ஹார்டு டிஸ்குல காப்பி பண்ணி உங்க கம்ப்யூட்டர்ல அதே எடத்துல வைங்க, அப்புறம் ஸ்டீம்ல இன்ஸ்டால் குடுத்தா அது இருக்கற ஃபைல பாத்துட்டு மிச்சத்த மட்டும் எறக்கும். நடுவுல கரண்ட் போயி அரைகுறையா நின்னிருந்தா கேம் பேர்ல ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், அதுல ஃபைல சரிபாக்கற பட்டன், ஒடஞ்ச ஃபைல மட்டும் மறுபடி எறக்கும். முழுசா அழிச்சிட்டு மொதல்லேர்ந்து எறக்கறவங்கள பாத்தா எனக்கு வயிறு எரியும். ஜிஓஜிங்கற இன்னொரு கடையில வாங்கினா ஆடறப்ப நெட்டே வேணாம், பூட்டு கீட்டு எதுவும் இல்லாத காப்பி, இன்ஸ்டாலர ஒரு டிஸ்குல போட்டு வச்சுக்கலாம், நம்ம ஊருக்கு அதான் என் ஓட்டு.

"சத்தம் வருது, ஸ்கிரீன் கருப்பு"

ஆல்ட்டையும் என்டரையும் சேர்த்து அழுத்துங்க, ஜன்னல் மாதிரி சின்னதா மாறி படம் வந்துட்டா ஃபுல்ஸ்கிரீன் ரெசல்யூஷன் உங்க மானிட்டருக்கு ஒத்துக்கலன்னு அர்த்தம், செட்டிங்ல எறக்கிக்கோங்க. வரலன்னா லேப்டாப்புல ரெண்டு கிராஃபிக்ஸ் இருக்கான்னு பாருங்க, கேம் பிராசஸரோட ஒட்டின சின்ன கிராஃபிக்ஸ்ல ஓடப் பாக்கும், விண்டோஸ் கிராஃபிக்ஸ் செட்டிங்ல போயி இந்த கேமுக்கு ஹை பர்ஃபார்மன்ஸ்னு குறிச்சு விடுங்க. 2021 கடைசில வந்த அப்டேட்ல ரே டிரேசிங் (வெளிச்சம், பிரதிபலிப்ப நெஜம் மாதிரி காட்டறது) சேர்த்தாங்க, பழைய கார்டு வச்சிருக்கறவங்க அதுக்கு ஆசப்படாதீங்க, ஆஃப் பண்ணி விடுங்க. ரொம்ப குறைச்சலா வேணும்னு கம்பெனி சொன்னது இன்டெல் ஐ5 3570கே, 8 ஜிபி ராம், 2 ஜிபி இருக்கற ஜிடிஎக்ஸ் 770. அதுக்கு கீழ இருந்தா நான் என்ன சொன்னாலும் வேலைக்கு ஆகாது.

இன்னொன்னு, இந்த கேம்லயே ஸ்கிரீன் முழுக்க இருட்டா போற எடம் நெறைய உண்டு. கருப்பா இருக்கறப்ப மூச்சு சத்தமோ பேச்சு சத்தமோ தொடர்ந்து வந்தா ஒரு நிமிஷம் பொறுங்க, பவர் பட்டன அமுக்கிடாதீங்க.

"ஹெட்போன்ல யாரோ பேசிக்கிட்டே இருக்காங்க, வைரஸா?"

இல்லைங்க. இதான் கேமே. நான் கூட்டி கொறச்சு சொல்லல, என்கிட்ட வந்த கேள்வில பாதி இதுதான்.

செனுவாவுக்கு சைகோசிஸ்னு சொல்ற மனநிலை, அவளுக்கு காதுக்குள்ள குரல் கேக்கும், இல்லாதது கண்ணுக்கு தெரியும். அவளுக்கு கேக்கறத உங்களுக்கும் கேக்க வைக்கணும்னு முடிவு பண்ணி, மனுசத் தலை மாதிரி ரெண்டு காது வச்ச ஒரு மைக்க நடுவுல நிறுத்தி, நடிக்கறவங்க அத சுத்தி சுத்தி நடந்து, கிட்ட வந்து முணுமுணுத்து, பின்னாடி போயி சிரிச்சு பதிவு பண்ணிருக்காங்க. அதான் ஹெட்போன் போட்டா பின்கழுத்துல ஆள் நிக்கற மாதிரி இருக்கு. ஒருத்தி "போகாத"ங்கறா, இன்னொருத்தி "அவளால முடியாது"ங்கறா, மூணாவது ஒருத்தி சும்மா சிரிக்கிறா. இத சும்மா பயமுறுத்த செய்யல, கேம்பிரிட்ஜ்ல மனநல பேராசிரியரா இருக்கற பால் ஃபிளெட்சர் கூட இருந்து சொல்லிக் குடுத்திருக்காரு, வெல்கம் டிரஸ்ட்ங்கற அறக்கட்டளை பண உதவி பண்ணிருக்கு, இந்த மாதிரி குரல் கேட்டு வாழ்ந்தவங்ககிட்டயே உக்காந்து கேட்டு செஞ்சிருக்காங்க. 2018ல இங்கிலாந்துல குடுக்கற பாஃப்டா கேம்ஸ் விருது அஞ்சு வாங்கினதுல ஒண்ணு ஆடியோவுக்கு, ஒண்ணு செனுவாவா நடிச்ச மெலினா யூர்கன்ஸுக்கு. அந்தம்மா அந்த கம்பெனியில வீடியோ எடிட் பண்ற வேலையில இருந்தவங்க, அதுக்கு முன்னாடி நடிச்சதில்ல.

ஸ்பீக்கர்ல போட்டா இது பாதி கூட தெரியாது, வீட்டுல சண்டதான் வரும். நான் ஒரு நா ஹெட்போன் கழண்டத கவனிக்காம ஆடிக்கிட்டிருந்தேன், பக்கத்து ரூம்ல அப்பாயி எழுந்து வந்து வாசல்ல நின்னு "யாருடா இந்நேரத்துல அத்தனை பொம்பளைங்க" ன்னு கேட்டுச்சு, கேம் அப்பாயின்னா நம்பல, திருநீறு எடுத்துட்டு வந்து மொதல்ல எனக்கு, அப்புறம் மானிட்டருக்கு. அந்த பூச்சு இன்னும் ஓரத்துல இருக்கு, நான் தொடைக்கல.

வெளையாட்டில்லாம ஒண்ணு சொல்றேன், ஆரம்பத்துலயே கேம் ஒரு எச்சரிக்கை போடுது, அத என்டர் தட்டி தள்ளிராதீங்க. உங்களுக்கோ வீட்டுல யாருக்கோ இந்த மாதிரி அனுபவம் இருந்தா, ஆடி மனசு கனத்துச்சுன்னா, அது ரிப்பேர் பண்ற பிரச்சனை இல்ல, மூடி வச்சிரலாம். என் கூட படிச்சவன் ஒருத்தன் பத்து நிமிஷத்துல கழட்டி வச்சிட்டான், நான் ஏன்னு கேக்கல.

"குரல் ஒரே பக்கம் வருது" / "எந்த பக்கம்னு புரியல"

இது நெஜமாவே சரி பண்ண வேண்டியது, ஏன்னா சண்டையில பின்னாடி ஒருத்தன் வந்தா ஸ்கிரீன்ல எதுவும் காட்டாது, காதுல வர்ற குரல்தான் "பின்னாடி!"ன்னு கத்தும்.

விண்டோஸ் சவுண்ட் செட்டிங்ல மோனோ ஆடியோ ஆன்ல இருக்கான்னு மொதல்ல பாருங்க, ஆன்ல இருந்தா ரெண்டு காதுலயும் ஒரே சத்தம்தான். அப்புறம் விண்டோஸே போடற சரவுண்டு, ஹெட்போன் கம்பெனி குடுத்த சரவுண்டு எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க, ஏற்கனவே ரெண்டு காதுக்குன்னு அளந்து பதிவு பண்ணினத அது மறுபடி கலக்கி கெடுத்துரும். புளூடூத் ஹெட்செட்னா இன்னொரு தொல்லை, மைக்கும் சேர்ந்து ஓடுற ஹேண்ட்ஸ்ஃப்ரீ முறைக்கு மாறிட்டா சத்தம் மோனோவா, பழைய டெலிபோன் மாதிரி கொரகொரன்னு ஆயிரும், சவுண்டு லிஸ்ட்ல ஸ்டீரியோன்னு இருக்கறத எடுங்க. என் யோசனை, டவுன்ல மலிவா கெடைக்கற ஒயர் வச்ச ஹெட்போன் இந்த கேமுக்கு புளூடூத்த விட நல்லாருக்கும்.

அப்புறம் சிரிக்காதீங்க, ஹெட்போன்ல எடது வலது பாத்து மாட்டுங்க. கதையில வைகிங்குங்க சாமி ஒடின் வைக்கற நாலு சோதனையில ஒண்ணுல கண்ணு தெரியாது, காதாலயும் கன்ட்ரோலர் அதிர்வாலயும்தான் வழி கண்டுபிடிக்கணும். தாத்தோன் தம்பி அதுல மூணு நாள் செத்துக்கிட்டே இருந்தான், கேம்ல பிழைன்னு எனக்கு பெரிய லெட்டரே எழுதினான். வீடியோ கால்ல பாத்தா ஹெட்போன தலைகீழா மாட்டிருக்கான், ஒயர் வலப்பக்கம் தொங்குது.

"ங்ங்ங்னு ஒரு இரைச்சல்"

இன்வெர்ட்டர். வேற யோசிக்கவே வேணாம். சல்லிசான இன்வெர்ட்டருங்க சுத்தமான அலை குடுக்கறதில்ல, எர்த் இல்லாத ரெண்டு கம்பி பிளக்கு வேற, அந்த அழுக்கு அடாப்டர் வழியா வந்து ஹெட்போன்ல ஏறும். மத்த கேம்ல துப்பாக்கி சத்தத்துல தெரியாது, இதுல ஒருத்தி காதுகிட்ட முணுமுணுக்கறப்ப அந்த ங்ங்ங் உசுர வாங்கும். லேப்டாப்பா இருந்தா அடாப்டர ஒரு தடவை புடுங்கி பாருங்க, அந்த நொடியே நின்னுச்சுன்னா அதான். சின்ன யூஎஸ்பி சவுண்டு கார்டு ஒண்ணு வாங்கி அதுல ஹெட்போன் போட்டா சில பேருக்கு கொறையும், எனக்கு கொறஞ்சுச்சு, முழுசா போகல.

"படம் திக்கித் திக்கி வருது"

அடாப்டர புடுங்கினா இரைச்சல் நிக்கும், ஆனா படம் திக்கும், இது நம்ம தலையெழுத்து. பேட்டரியில ஓடறப்ப லேப்டாப்பு கிராஃபிக்ஸ் கார்டோட வேகத்த தானா கொறச்சுரும். பவர் மோடு பெஸ்ட் பர்ஃபார்மன்ஸ்ல வைங்க, அப்படியும் முடியலன்னா செகண்டுக்கு அறுபது ஃபிரேமுக்கு ஆசப்படாம முப்பதுல கட்டிருங்க, ஏறி எறங்கற அம்பத விட அசையாத முப்பது இந்த கேமுக்கு போதும், இது ஓடற கேம் இல்ல, நடக்கற கேம். செட்டிங்ல மொதல்ல நிழல் அப்புறம் எஃபெக்ட்ஸ் கொறைங்க, அதுக்கும் அப்புறம்தான் ரெசல்யூஷன் ஸ்கேல். அரை மணி நேரம் நல்லா ஓடி அப்புறம் திக்கினா அது சூடு, சித்திரை மாசத்துல ஃபேன் இல்லாத ரூம்ல லேப்டாப்ப மெத்தை மேல வச்சு ஆடினா அது என்ன பண்ணும், கடைக்கு கொண்டு வாங்க, தூசி தட்டி தர்றேன்.

"உயிர் எவ்ளோ மிச்சம்னு காட்டல, மேப்பும் இல்ல"

கிடையாது. வேணும்னே வைக்கல. அவ நடை தள்ளாடுதா, மூச்சு வாங்குதா, அதான் அளவு. கீழ விழுந்தா பட்டன விடாம தட்டுங்க, எழுந்திருப்பா. இடுப்புல தொங்கற கண்ணாடி மின்னிச்சுன்னா ஃபோகஸ், அதாவது அவ உத்துப் பாக்கற சக்தி, தயார்.

"வாள் அவன் மேல படவே இல்ல, ஊடுருவி போகுது"

புகை மாதிரி நெழலா வர்றவன ஃபோகஸ் போட்டாதான் ஒடம்பா மாறுவான். அப்புறம் அடிங்க. கஷ்டம் தாங்கலன்னா செட்டிங்ல ஆட்டோவ மாத்தி ஈசில வைங்க, யாரும் வந்து கேக்க போறதில்ல.

"கதவு தொறக்கல"

அதிகமா ஆளுங்க கைவிடற எடம் இதுதான். கதவுல சிவப்பா ரெண்டு மூணு குறி இருக்கும், வைகிங்குங்களோட ரூன் எழுத்து, நம்ம ஆளுங்க அத பாத்துட்டு சாவிய தேடுறாங்க. சாவி இல்ல. அந்த குறியோட வடிவம் அந்த சுத்து வட்டாரத்துலயே எங்கயோ இருக்கு, ரெண்டு மரம் ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்ச மாதிரி, உத்தரமும் அதோட நெழலும் சேர்ந்து, சில நேரம் நெருப்பாலயே. நீங்க சரியான எடத்துல நின்னு சரியான கோணத்துல பாத்து ஃபோகஸ் பட்டன அழுத்திப் புடிச்சா பூட்டு ஒண்ணு தொறக்கும். கோலம் போட்ட கண்ணு உள்ளவங்களுக்கு இது சீக்கிரம் வருது, என் தங்கச்சி பத்து நிமிஷத்துல முடிச்சத நான் ஒரு ராத்திரி தேடிருக்கேன், புள்ளிய பாக்காம கோட்ட பாருண்ணாங்கறா.

குறுக்கு வழி ஒண்ணு இருக்கு. சரியான எடத்துக்கு கிட்ட போனா ஸ்கிரீன்ல அந்த எழுத்துங்க மங்கலா மெதக்க ஆரம்பிக்கும், கிராஃபிக்ஸ் கோளாறுன்னு நெனச்சு டிரைவர் மாத்தினவங்க உண்டு. அது கோளாறு இல்ல, அங்கயே நில்லுங்க, அங்கேர்ந்து சுத்தி பாருங்க. வால்ராவன்ங்கற மாய தேவன் பகுதில தோரண வாசல் மாதிரி வரும், இந்த பக்கம் பாத்தா ஒடஞ்ச படிக்கட்டு, வாசல் வழியா பாத்து நொழஞ்சா முழு படிக்கட்டு, அதுவும் பிழை இல்ல. சுர்ட்ங்கற நெருப்பு தேவன் பகுதில திடீர்னு எல்லாம் பத்திக்கும், அப்ப நின்னு யோசிக்காதீங்க, தீமிதி மாதிரிதான், நடுவுல நிக்கறவன் கால்தான் வேகும். இந்த ரெண்டு பகுதில எது மொதல்லன்னு நம்ம இஷ்டம், நான் வால்ராவன மொதல்ல முடிக்க சொல்லுவேன், கண்ணு பழகும்.

"ஓட மாட்டேங்குறா, வாளும் எடுக்க மாட்டேங்குறா"

கீபோர்டு கெடல. கதையில சில எடத்துல அவளால நடக்கத்தான் முடியும். பாலம் தாண்டி ஹெலாவ பாத்தப்புறம் வாள் ஒடஞ்சுரும், கிராம்ங்கற புது வாள் கெடைக்கற வரைக்கும் கை வெறுங்கைதான்.

"கை அழுகுது, தலைக்கு ஏறினா சேவ் எல்லாம் அழிஞ்சிருமாம்"

இப்ப நம்ம மோல்மீன் தம்பி கேள்விக்கு வந்தாச்சு. ஆரம்பத்துலயே கேம் நேரடியா சொல்லுது, நீ தோக்க தோக்க இந்த கருப்பு அழுகல் ஏறும், தலையத் தொட்டா உன் பயணம் முடிஞ்சுது, இதுவரைக்கும் ஆடினது எல்லாம் போயிரும். பத்து மணி நேரம் ஆடினவனுக்கு இத படிச்சா கை நடுங்கும்.

போகாது. 2017ல கேம் வந்தப்பவே வேணும்னே செத்து செத்து சோதிச்சு பாத்துட்டாங்க. அழுகல் ஏறும், ஆனா தலையத் தொட்டு சேவ அழிக்கறதுங்கறது நடக்கறதில்ல. சொன்னது மெரட்டல். செனுவா எதுக்கு பயப்படறாளோ அதுக்கு நம்மளும் பயப்படணும்னு போட்ட வேலை. கேம் ஆடறவன்கிட்டயே பொய் சொல்றது நியாயமான்னு கடையில பெரிய வாக்குவாதம் நடந்துச்சு, நான் நியாயம்தான்ங்கற கட்சி, ஆனா தம்பிகிட்ட போன்ல மறைக்காம சொல்லிட்டேன், அவன் அழற நெலமையில இருந்தான்.

ஆனா என் கதைய கேளுங்க. மொத தடவை நான் ஆடறப்ப சேவ் நெஜமாவே போச்சு. வால்ராவன் பகுதி, மூணாவது தடவை செத்தேன், அழுகல் முழங்கைய தாண்டி கருப்பு நரம்பா ஏறுது, ஸ்கிரீன்ல அவ கதறுறா, அதே நொடி பட்டுன்னு எல்லாம் அணைஞ்சுது. கரண்ட் போச்சு, என் யூபிஎஸ் பேட்டரி செத்து பல மாசம், மாத்தாம வச்சிருந்தேன். இருட்டுல ஹெட்போனோட உக்காந்திருக்கேன், காதுல சத்தமே இல்ல, அதுவரைக்கும் நாலு பொம்பளைங்க பேசிட்டிருந்த காது. அப்ப எங்க தெருவுல நாலு மணி நேரம் இருக்கும் நாலு மணி நேரம் இருக்காது, விடியக்காலம் பசங்க "மீ லா பீ", கரண்ட் வந்துருச்சுன்னு கத்தினாங்க, ஓடிப்போயி போட்டு பாத்தா, விட்ட எடத்துலேர்ந்து தொடரறதுக்கான வரியே மெனுல இல்ல. புது கேம் மட்டும்தான். செஞ்சுபுட்டாளேன்னு நெனச்சேன். மூணு மாசம் நானும் அந்த மெரட்டல நம்பினவன்தான், கடையில வந்தவங்களுக்கெல்லாம் சத்தியம் பண்ணி சொல்லிருக்கேன்.

அப்புறம் ஒரு நாள் வேற கேம்ல அதே மாதிரி ஆச்சு, அதுல அழுகலும் இல்ல ஒண்ணும் இல்ல. அப்பதான் சேவ் ஃபோல்டர தொறந்து பாத்தேன். ஃபைல் இருக்கு, அளவு 0 கேபி. கேம் சேவ் எழுதற அந்த நொடியில கரண்ட் போயிருக்கு, பழச அழிச்சாச்சு, புதுச எழுதி முடிக்கல. ஹெலா பண்ணல, பேட்டரி மாத்தாத நான் பண்ணினது.

"சரி, சேவ் போகாம இருக்க என்ன பண்றது?"

இந்த கேம்ல நம்மளா சேவ் பண்ண முடியாது, தானாதான் பண்ணிக்கும், அதுவும் ஒரே ஒரு எடத்துல. அதனால காப்பி எடுத்து வைக்கறத தவிர வேற வழி இல்ல. விண்டோஸ்ல ஆப்டேட்டா ஃபோல்டர், அது மறைஞ்சு இருக்கும், வியூ மெனுல மறைஞ்சத காட்டச் சொல்லி விடுங்க, அதுக்குள்ள லோக்கல், ஹெல்பிளேடு கேம், சேவ்டு, சேவ் கேம்ஸ். அந்த ஃபோல்டர அப்படியே காப்பி பண்ணி தேதி போட்டு வேற டிஸ்குல வைங்க. கேம மூடிட்டு எடுங்க, ஓடறப்ப எடுக்காதீங்க. போச்சுன்னா பழச திருப்பி அங்கயே போட்டா போதும். திருப்பி போடறப்ப ஸ்டீம் கிளவுடு குறுக்க வந்து எத வச்சுக்கறதுன்னு கேட்டா தேதியையும் அளவையும் பாருங்க, புதுசா இருக்கறதுன்னு கண்ண மூடிட்டு எடுத்தா அந்த 0 கேபிதான் புதுசு. ஆன்டிவைரஸ் ஃபோல்டர பூட்டி வச்சிருந்தாலும் சேவ் எழுதாது, ஒவ்வொரு தடவையும் மொதல்லேர்ந்து வருதுன்னா அத பாருங்க.

கரண்ட் போற நேரம் தெரிஞ்சா பத்து நிமிஷம் முன்னாடி வெளிய வந்துருங்க. சொன்ன நேரத்துக்கு போகாதுன்னு எனக்கும் தெரியும். யூபிஎஸ் பேட்டரிய மாத்துங்க.

"நாய் கிட்ட செத்துக்கிட்டே இருக்கேன்"

கார்ம் இருக்கற எடம். பிரைட்னஸ ஏத்தினா தப்பிக்கலாம்னு நெனைக்கறாங்க, உங்க மானிட்டர் வெளிச்சம் அதுக்கு தெரியாது. கேமுக்குள்ள இருக்கற வெளிச்சத்துலேர்ந்து அடுத்த வெளிச்சத்துக்கு போங்க, நடுவுல இருட்டுல தங்கினா கடிச்சுரும். கரண்ட் இல்லாத தெருவுல டீக்கடை பல்பு பாத்து பல்பு பாத்து வீட்டுக்கு வர்ற மாதிரி, நமக்கு இது பழக்கமானதுதான்.

"கதை சொல்ற கல்லு ஒண்ணு விட்டுப்போச்சு"

மொத்தம் 44. ஃபோகஸ் போட்டு பாத்தா செனுவாவோட பழைய சிநேகிதன் ட்ரூத் குரல்ல வைகிங் புராணம் சொல்லும். ஒரு பகுதி தாண்டிட்டா நடந்து திரும்பி போக முடியாது, எல்லாம் கேட்டவங்களுக்கு கடைசில அவனப் பத்தி கூடுதலா ஒரு காட்சி வரும். வேணும்னா ஒவ்வொரு மூலையா பாத்துட்டு போங்க, இல்லன்னா விடுங்க, நான் மொத தடவை பாதிதான் கேட்டேன்.

"கடைசி சண்டை முடியவே மாட்டேங்குது"

முடிக்காதவங்க இத்தோட நிறுத்திக்கோங்க.

இத கேட்டவரு எங்க மாமா, வயசு அம்பத்தாறு, ரிட்டயர் ஆனப்புறம் ஆட ஆரம்பிச்சவரு, கை வேகம் நம்மள விட ஜாஸ்தி. "மாப்ளே, ரெண்டு மணி நேரமா வெட்டறேன், வந்துக்கிட்டே இருக்கானுங்க, எண்ணிக்கைல பிழை போலருக்கு"ன்னு போன்ல சொன்னாரு. பின்னாடி வாள் சத்தம் இன்னும் கேக்குது, போன தோள்ல இடுக்கிக்கிட்டே ஆடறாரு.

பிழை இல்ல மாமா, அவனுங்க தீர மாட்டானுங்க. எத்தனை வெட்டினாலும் வருவானுங்க. வாள கீழ விடுங்க, அடிக்காதீங்க, அவனுங்க அடிக்கட்டும்னேன்.

"அப்ப செத்துருவாளே"ன்னாரு.

ஆமான்னேன். கொஞ்ச நேரம் அந்த பக்கம் சத்தமே இல்ல, போன வைக்கவும் இல்ல. அப்புறம் வாள் சத்தம் நின்னுச்சு.